மூன்று இஞ்ச் சுவரும் கெட்டிக் குண்டும்

அரியலூர் கடைவீதியில் முருகையன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மிலிட்டரி என்று கேட்டால் வங்கி வாசலைக் காட்டுவார்கள். செந்துறைக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். 1996இல் கடைவீதியில் இருந்த வங்கிக் கிளையில் காவலர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அந்த வாசலில் ஒரு முக்காலி, ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி, ஒரு மிலிட்டரி.

பட்டாளத்துக் கதை சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. இவர் சொல்ல மாட்டார். பணம் எடுக்க வரும் கிழவிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கைநாட்டு வைத்துவிட்டு விரலைச் சுவரில் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் மட்டும் கோபம் வரும். "சுவத்துக்கு ஏம்மா பொட்டு வக்கிற?" என்பார். அதற்காகவே மேசையில் ஒரு கிழிந்த துணி வைத்திருந்தார்.

இங்கே எழுதியிருப்பதில் பாதி அவருடைய மகள் சத்யா அக்கா சொன்னது. மீதியை வங்கியில் கூட்டிப் பெருக்கிய ஆண்டாயியும், நகை மதிப்பீட்டாளர் நடராசனும் சொன்னார்கள். அவரிடமே கேட்டால், "அது கெடக்கட்டும்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

1999ஆம் வருடம் வேறொரு ஊரில் ஒரு வங்கிக்கு ஜீப்பில் வந்த திருடர்கள் பணத்தோடு தப்பினார்கள் என்ற செய்தி காவலர்களிடையே பரவியது. அந்த ஊர்க் காவலர் சும்மா நிற்கவில்லை, சுட்டிருக்கிறார். ஆனால் அவர் துப்பாக்கியில் இருந்தது பொடி ஈய மணிகள் அடைத்த ரவைத் தோட்டா. ஜீப்புக் கதவில் ஆலங்கட்டி மழை பெய்தது போலச் சத்தம் கேட்டதாம், அவ்வளவுதான். பிறகு அந்தக் காவலரின் வேலை போய்விட்டது என்றார்கள்.

முருகையனை அந்தச் செய்தி தூங்கவிடவில்லை. அவருடைய துப்பாக்கியிலும் இருந்தது அதே ரவைதான். கிளை மேலாளர் குருமூர்த்தியிடம் போய் நின்றார்.

"சார், நம்ம தோட்டா கொக்கு சுடத்தான் சார் லாயக்கு. நல்லதா வாங்கணும்."

குருமூர்த்தி கும்பகோணத்துக்காரர். துப்பாக்கியைப் பார்த்தாலே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார். "உங்களுக்கு எது நல்லதுன்னு படறதோ வாங்கிக்கோங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. பில்லு மட்டும் கரெக்டா இருக்கணும்" என்றார்.

அந்த வாரமே உரிமக் காகிதங்களோடு ரயில் ஏறித் திருச்சிக்குப் போனார் முருகையன். அங்கே துப்பாக்கிக் கடைக்காரர் ஒரு சாயபு. வயதானவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார்.

"எதுக்கு வேணும் தம்பி? வயக்காட்டுக்கா?"

"பேங்குக்கு பாய்."

"அப்ப யோசிச்சுத்தான் வாங்கணும்" என்று சாயபு மூன்று தோட்டாக்களை மேசையில் நிறுத்தினார். மூன்றும் ஒரே சிவப்பு. ஒரே பித்தளை அடி. வாயை மூடியிருந்த அட்டை வட்டத்தில் மட்டும் ஆளுக்கொரு எழுத்து மசியில் குத்தியிருந்தது.

"இது ரவை. சிதறும். பேங்கு ஹால்ல நின்னு சுட்டீங்கன்னா திருடனும் வாங்குவான், பாஸ்புக்கோட நிக்கிறவனும் வாங்குவான். இது ஒத்தக் குண்டு, சுத்த ஈயம். மெத்து. பட்ட எடத்துல நசுங்கி நின்னுடும். இது கலப்பு ஈயம், வார்த்த குண்டு. கனம் கூடுதல், கெட்டி. நசுங்காது."

"நசுங்காதுன்னா?"

"போயிகிட்டே இருக்கும்."

முருகையன் கடைசித் தோட்டாவைக் கையில் எடுத்தார். "ஜீப்புக் கதவு தாங்குமா பாய்?"

"கதவுக்கு அந்தாண்ட ஒக்காந்திருக்கறவனே தாங்க மாட்டான். ஆனா எங்க போயி நிக்கும்னு என்னயக் கேக்காதீங்க. அது அல்லாவுக்குத்தான் தெரியும்."

முருகையன் சிரித்தார். பட்டாளத்தில் அவர் கையாண்டதெல்லாம் ஒற்றைக் குண்டு போடும் துப்பாக்கி. வைத்த குறிக்குப் போகும், பக்கத்தில் நிற்பவனைத் தொடாது. ரவை என்பது அவருக்குக் கூட்டத்தின் மீது கல்லை வாரி இறைப்பது மாதிரி. கனமான கெட்டிக் குண்டுத் தோட்டாவில் ஒரு பெட்டி வாங்கினார். பழைய ரவையும் தீரும் நிலையில் இருந்ததால் அதிலும் ஒரு பெட்டி வாங்கினார். திரும்பும் ரயிலில் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் இரண்டு குழலிலும் கெட்டிக் குண்டு ஏறியது. டீக்கடையில் கேலி செய்தார்கள்.

"என்ன மிலிட்டரி, யானைக்கு வாங்கியாந்திருக்கியாமே?"

"ஆமாண்டா. மொத யானை நீதான், ரோட்டப் பாத்துப் போ."

அந்தச் சமயத்தில்தான் சத்யா அக்காவுக்கும் வேலை கிடைத்தது. பிளஸ் டூ முடித்திருந்தார். வங்கி இருந்தது ஒரு பழைய பெரிய வீட்டில். வீட்டுக்காரர் அதை நடுவில் தடுத்து, ஒரு பாதியை வங்கிக்கும், மறுபாதியை எஸ்.டி.டி. பூத்துக்கும் விட்டிருந்தார். பூத்தில் போன் பில் போட ஒரு பெண் தேவைப்பட்டது. முருகையனே பேசி மகளைச் சேர்த்துவிட்டார். காலையில் அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் வந்து, மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். மதியம் ஒரே தூக்கில் சாப்பாடு. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று அந்த நாட்களில் நினைத்திருப்பார்.

சில வாரங்கள் கழித்து வட்டி விகிதம் எழுதிய பெரிய பலகை ஒன்று வங்கிக்கு வந்தது. அதைக் கூடத்துச் சுவரில் மாட்ட, தச்சர் ஒருவர் நீளமான ஆணியை வைத்து அடித்தார். நாலு அடி அடித்ததும் சத்யா பூத்திலிருந்து வேகமாக வந்தார். தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"யாருப்பா ஆணி அடிக்கிறது? என் தலைக்கு மேல வந்து நிக்குது முனை."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தச்சர், "செவுரா இது, அப்பளம்" என்றார். வீட்டுக்காரர் செலவைக் குறைக்கச் செங்கலைப் படுக்க வைக்காமல் குத்துக்கு நிறுத்திக் கட்டிய தடுப்பு அது. மூன்று இஞ்ச்தான் கனம்.

முருகையன் சிரிக்கவில்லை. எழுந்து பூத்துக்குப் போனார். சத்யா உட்கார்ந்தால் தலை வரும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, ஆணியின் முனை கருப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வங்கிக்குள் வந்து தன் முக்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்து பலகையைப் பார்த்தார். முக்காலி, பலகை, அதற்குப் பின்னால் மகளின் தலை. மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. சாயபு சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நாற்காலிய அந்தப் பக்கம் போட்டுக்கோ" என்று அன்று மாலை மகளிடம் சொன்னார்.

"அந்தப் பக்கம் போட்டா போன் எட்டாதுப்பா."

"எட்டற மாதிரி வயர இழுத்துக்கோ."

"நீங்க வந்து பில்லு போடுறீங்களா? எனக்குக் கண்ணாடிக்குள்ள இருக்கற மீட்டர் தெரியணும்ல."

காரணத்தை அவர் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைத்தார். சத்யா நாற்காலியை நகர்த்தவும் இல்லை.

கெட்டிக் குண்டை அடியோடு விட்டுவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. ஜீப்பு வந்தால்? அந்த ஊர்க் காவலர் மாதிரித் தானும் நிற்க வேண்டியிருந்தால்? பல நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு இரண்டு விசை. முன் விசையை இழுத்தால் வலது குழல் வெடிக்கும், பின் விசைக்கு இடது குழல். வலது குழலில் ரவை, இடது குழலில் கெட்டிக் குண்டு. கூடத்துக்குள் என்றால் முன் விசை மட்டும். வாசலில் ஜீப்பு என்றால் பின் விசை. ரவை ஆட்களை வருத்தும், ஆனால் அந்தச் சுவரைத் தாண்டாது.

இரண்டும் ஒரே நிறமாக இருந்ததால் அவசரத்தில் மாறிவிடக் கூடாதே என்று, சத்யாவின் நகப்பாலீஷை வாங்கிக் கெட்டிக் குண்டுத் தோட்டாக்களின் பித்தளை அடியில் ஒவ்வொரு பொட்டு வைத்தார். "துப்பாக்கிக்குமா நகப்பாலீஷு?" என்று சத்யா கேலி செய்தார். பொட்டு வைத்தது இடது, வைக்காதது வலது. அதன் பிறகுதான் அவருக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

அப்போது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. சைக்கிள், தராசு, தையல் மிஷின், பஸ்ஸின் ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வங்கியிலும் விடுமுறைக்கு முந்தின நாள் மாலையில் பூஜை போடுவது வழக்கம். பேரேடு, முத்திரைகள், நகை நிறுக்கும் தராசு எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரும். முருகையன் துப்பாக்கியைக் காலி செய்து படத்தடியில் சாய்த்து வைத்தார். தோட்டாக்கள் அத்தனையையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துவிட்டு, பொரியும் வாழைக்கன்றும் வாங்கக் கடைவீதிக்குப் போனார்.

பூஜைக்கு முன்னால் பித்தளைச் சாமான்களைத் துலக்குவது ஆண்டாயியின் வேலை. விளக்கு, மணி, கற்பூரத் தட்டு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தவர், தாம்பாளத்தைப் பார்த்தார். தோட்டாக்களின் அடி கருத்துப் போயிருந்தது. சாமி முன்னால் அழுக்காக இருக்கலாமா? அதையும் புளியால் தேய்த்தார். ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்ததைத் தேங்காய் நாரை வைத்துச் சுரண்டினார். பிறகு ஈரத் துணியால் மேலும் கீழும் நன்றாகத் துடைத்தார். வாயட்டையில் இருந்த மசி எழுத்தும் அதோடு போயிற்று. ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, பூத்தூவி, வரிசையாக நிறுத்தி வைத்தார். ஆண்டாயிக்கு அன்று திருப்தியான வேலை.

முருகையன் திரும்பி வந்தபோது தாம்பாளம் பூவுக்குள் இருந்தது. தீபாராதனை முடிந்ததும் தோட்டாக்களைப் பூவோடு அள்ளிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

விடுமுறை கழிந்து வங்கி திறந்த காலையில் பெட்டியைத் திறந்தவர், தோட்டாக்களின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆண்டாயி, இங்க வா. இத யாரு தொட்டது?"

"நான்தாண்ணே. பாருங்க, எப்புடி பளபளன்னு இருக்கு. கடையில கூட இப்புடி குடுக்க மாட்டான்."

"செவப்பா பொட்டு வச்சிருந்தனே?"

"அது அழுக்குல்ல? என்னமா ஒட்டிகிட்டிருந்திச்சு தெரியுமா, நார வச்சு தேச்சாத்தான் போச்சு." முருகையனின் முகத்தைப் பார்த்ததும் ஆண்டாயியின் குரல் இறங்கியது. "தப்புப் பண்ணிட்டனாண்ணே? பித்தளைன்னா தேச்சுத்தான வக்கணும்."

"தப்பு ஒண்ணும் இல்ல. நீ போயி வேலையப் பாரு."

அந்தப் பெண்ணிடம் கோபப்பட என்ன இருக்கிறது? வெடிக்கிற பொருளைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் போனது அவர். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்துத் தூக்கிப் பார்த்தார். இது கனம் என்று தோன்றும், கையை மாற்றினால் அது கனம் என்று தோன்றும். அந்த நேரம் பார்த்து வாசலில் பணம் கொண்டுவந்த வேன் நின்றது. சிமெண்டு ஆலை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அன்று சம்பளம்.

குருமூர்த்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "முருகையன், என்ன பண்றேள்? கேஷ் இறங்கணும். வாசல்ல நில்லுங்கோ."

"சார், தோட்டா—"

"அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

வெறும் துப்பாக்கியோடு நிற்பதற்குப் பட்டாளத்தில் பழகிய கை இடம் கொடுக்கவில்லை. கையில் கிடைத்த இரண்டைக் குழலுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். பணம் இறங்கியது. பெட்டக அறைக்குள் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு தோட்டாக்களை எடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. சம்பளக்காரர்கள், நகைக் கடன்காரர்கள், அடகிலிருந்த காதுத் தோட்டைத் தீபாவளிக்கு முன்னால் மீட்க வந்த பெண்கள் என்று கூடம் நிறைந்தது. வரிசை உடைந்து நெரிசலாயிற்று.

அந்தக் கூட்டத்தில் பாவாடை என்று ஒருவர் இருந்தார். ஆண்டிமடம் பக்கத்து முந்திரி விவசாயி. மகளின் தோட்டை மீட்க வந்தவர், வரும் வழியில் கொல்லன் பட்டறையில் சாணைக்குக் கொடுத்திருந்த அரிவாளையும் வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். முந்திரிக் கிளை கழிக்கிற நீளமான அரிவாள். நெரிசலில் பை கிழிந்தது. காகிதம் நழுவி அரிவாள் வெளியே வந்தது. பக்கத்தில் பெண்களும் குழந்தைகளும் இடித்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் கீறிவிடக் கூடாது என்று பதறிய பாவாடை, அரிவாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

கொல்லரும் ஆயுத பூஜை போட்டவர்தானே. அரிவாளின் அலகு முழுக்கக் குங்குமம்.

"அருவா, அருவா" என்று யாரோ கத்தினார்கள். ஒரு பெண், "வெட்டிட்டான்" என்றாள். கூட்டம் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு ஓடியது. காசாளர் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். நடுக்கூடத்தில் பாவாடை மட்டும், தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் சுவரோரம் பின்வாங்கினார்.

முருகையனின் துப்பாக்கி தோளுக்கு வந்துவிட்டது. விரல் முன் விசையில் இருந்தது. சிவந்த அரிவாள் தெரிந்தது. அதற்கு மேலே வட்டி விகிதப் பலகை தெரிந்தது. பலகை தொங்குகிற ஆணியின் முனை எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியும். வலது குழலில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

விரலை எடுத்தார். எல்லோரும் பார்க்கத் துப்பாக்கியை மடக்கித் திறந்து, திறந்தபடியே இடது முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டார். அப்படித் திறந்து கிடந்தால் அது சுடாது. பிறகு வெறுங்கையை நீட்டிக்கொண்டு பாவாடையை நோக்கி நடந்தார்.

"அண்ணே, அதக் குடுங்க."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. பை கிழிஞ்சுபோச்சுங்க."

"தெரியுது. மெல்ல எறக்குங்க. பிடி எம் பக்கம் வரட்டும்."

"பொண்ணு தோட்ட மூட்ட வந்தங்க."

"மூட்டலாம். அதுக்குத்தான் எல்லாரும் வந்திருக்கோம். குடுங்க."

அரிவாள் கைக்கு வந்தது. முருகையன் அலகை விரலால் தேய்த்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "குங்குமம்யா. யாரு அவ, வெட்டிட்டான்னு சொன்னவ? யார வெட்டுனான்?" கூட்டத்துக்கு மூச்சு வந்தது. சிலர் சிரித்தார்கள். பாவாடை அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆண்டாயி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நகை மதிப்பீட்டாளர் நடராசன் பதினொரு மணிக்குத்தான் வருவார். அவர் வந்து தராசைத் துடைத்து வைத்ததும் முருகையன் எதிரில் போய் உட்கார்ந்து, கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே தோட்டாக்கள். துப்பாக்கியிலிருந்து எடுத்த இரண்டைத் தனியாக, இது வலது குழல், இது இடது குழல் என்று வைத்தார்.

"என்ன மிலிட்டரி, அடகா? எத்தன காரட்டு?"

"நிறுத்துப் பாருங்க ஆசாரி. கனம் எது, லேசு எதுன்னு பிரிச்சுக் குடுங்க."

நடராசன் தங்கத்தை நிறுப்பது போலவே ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து நிறுத்தார். கையில் தெரியாத வித்தியாசம் தராசில் தெரிந்தது. மேசையில் இரண்டு குவியல் சேர்ந்தது. கடைசியில் தனியாக இருந்த இரண்டை எடுத்தார். இடது குழலில் இருந்தது லேசு. வலது குழலில் இருந்ததைத் தட்டில் வைத்ததும் தட்டு இறங்கி நின்றது.

"இது கனம். கெட்டிக் குவியல்ல சேத்துரவா?" என்று நிமிர்ந்த நடராசன், "என்னய்யா, ஏன் இப்புடி வேர்த்துக்கொட்டுது?" என்றார்.

முருகையன் எழுந்து பக்கத்துப் பூத்துக்குப் போனார். சத்யா யாருக்கோ மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

"காலையில சத்தம் கேட்டுச்சே, அப்ப எங்க இருந்த?"

"எங்க இருப்பன்? இங்கதான். ஜெயங்கொண்டத்து ஆளு ஒருத்தரு துபாய்க்குப் பேசிகிட்டிருந்தாரு. மீட்டரு ஓடுதே, எப்புடி எந்திரிக்கிறது?"

"இந்த நாற்காலியிலயா?"

"ஆமா. ஏம்ப்பா?"

"சும்மாதான்" என்றார். ஆணி முனைக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வங்கிக்குப் போய் மேலாளர் அறைக்குள் நுழைந்தார்.

நடராசன் வெளியே உட்கார்ந்து கேட்டது இது.

"சார், கெட்டிக் குண்டு வேண்டாம். நான்தான் போயி வாங்கினேன். நான் தேர்ந்தெடுத்தது தப்பு."

"நீங்கதானே ஜீப்பு, கதவுன்னு சொன்னேள்? நாளைக்கு ஏதாவது ஆனா மேலிடத்துல என்னைக் கேப்பாளே. அப்புறம் உங்க வேலை..."

"போனா போவட்டும் சார். அந்தச் செவுத்துக்குப் பின்னால எம் பொண்ணு இருக்கு. எம் பொண்ணு இல்லன்னாலும் யாராச்சும் ஒரு பொண்ணு இருக்கும்."

குருமூர்த்தி பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் இரண்டு பெண்கள். "இப்போ என்ன பண்ணலாம்கறேள்?" என்று கேட்டார்.

அன்று மாலையே பழைய ரசீதுகள் அடைத்த இரும்புப் பீரோ இரண்டை நான்கு பேராகத் தள்ளி அந்தச் சுவரோரம் நிறுத்தினார்கள். முக்காலி வாசலுக்கு எதிர் மூலைக்குப் போனது. அங்கிருந்து துப்பாக்கியை நீட்டினால் பெட்டக அறையின் கான்கிரீட் சுவர்தான் எதிரில் இருக்கும். குருமூர்த்திக்கு அதில் சிரிப்பு வந்துவிட்டது. "காவல்காரர் காசைப் பாத்து சுடறது நம்ம கிளையிலதான் ஓய்" என்றாராம். திருச்சியிலிருந்து புது ரவைத் தோட்டா வந்தது. புளித்தண்ணீர் பட்ட பழைய ரவையையும் முருகையன் ஒதுக்கிவிட்டார். வரிசைக்குக் கயிறு கட்டினார். அடுத்த வருடத்திலிருந்து ஆயுத பூஜைக்குத் துப்பாக்கி மட்டும் சாமி முன்னால் வந்தது. "தோட்டா எங்கண்ணே, அதுக்குப் பொட்டு வேண்டாமா?" என்று ஆண்டாயி ஒவ்வொரு வருடமும் கேட்பார். அவரும் ஒவ்வொரு வருடமும், "அது ஊருக்குப் போயிருக்கு" என்பார்.

கெட்டிக் குண்டுகளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வருடத்துக்கு ஒருமுறை காவலர்கள் போலீஸ் முன்னிலையில் சுட்டுக் காட்ட வேண்டும். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் அது நடந்தது. புளி பட்டதில் சில வெடிக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முருகையன் குவாரிக் கரையின் மண் சரிவுக்கு முன்னால் நான்கு செங்கல்லைக் குத்துக்கு நிறுத்திவிட்டு வந்து சுட்டார். ஒன்று வெடிக்கவில்லை. மற்றவை வெடித்தன. செங்கல் இருந்த இடத்தில் தூசிதான் நின்றது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சரிவுக்குப் போய், குண்டு நுழைந்த துளையில் கையை விட்டுத் தோண்டினார். முழங்கை வரைக்கும் போயிற்று. மண்வெட்டி கேட்டு வாங்கித் தோண்டினார். கூட வந்திருந்த காவலர்கள், "புதையல் எடுக்கிறியா மிலிட்டரி?" என்று கேட்டுக் களைத்தார்கள். ஒரு குண்டும் அகப்படவில்லை. கையைத் தட்டிவிட்டு வந்து வேனில் ஏறினார். 

பீரோ வைத்தும் அவருக்கு மனம் ஆறவில்லை. மகளின் நாற்காலியைத் தானே தூக்கி எதிர்ப்பக்கம் போட்டுவிட்டார். சத்யா அக்கா வருடக்கணக்கில் எட்டாத போனுக்கு எட்டிக்கொண்டே வேலை பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே. விஷயத்தை அவருக்கு நடராசன்தான் சொன்னார், நடந்து இரண்டு தீபாவளி கழித்து. அன்றோடு முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டார்.

முருகையன் ஒரு தடவையும் யாரையும் சுட்டதில்லை. ஜீப்பும் வரவில்லை. 2005இல் வங்கி ரயிலடிப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனது. அவருக்கும் வயது ஆகிவிட்டதால் அத்தோடு வேலையை விட்டார். எஸ்.டி.டி. பூத்துகளுக்கு அதற்குள் வேலை குறைந்துவிட்டது. சத்யா அக்கா அந்த இடத்தைத் தானே வாடகைக்கு எடுத்து ஜெராக்ஸ் கடை வைத்தார். ஆணி முனையை வளைத்து அதில் காலண்டர் மாட்டியிருந்தார்.

வங்கி காலி செய்த மறுநாள் முருகையன் மகளுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பக்கத்துப் பாதி வெறுமையாகக் கிடந்தது. பேசினால் எதிரொலித்தது.

"பீரோவெல்லாம் எடுத்துட்டாங்களாப்பா?" என்று சத்யா கேட்டார்.

"எடுத்துட்டாங்க."

"துப்பாக்கி?"

"அதும் போயிருச்சு."

சத்யா எழுந்து நாற்காலியைத் தூக்கிக் காலண்டருக்குக் கீழே, பழைய இடத்தில் போட்டார். உட்காராமல் அப்பாவைப் பார்த்தார்.

"இப்ப ஒக்காரலாமா?"

முருகையன் தடுப்புச் சுவரை ஒருமுறை பார்த்தார்.

"ஒக்காரு" என்றார். தூக்கைத் திறந்து மகளுக்குச் சோறு எடுத்து வைத்தார்.